டாக்டர் அம்பலவாணரின் ஈரக் கையுறைகள்

லீவு நாளொன்றில் அட்டன் கடைத்தெருவில் தம்பியின் துணிக்கடையில் உட்கார்ந்து ஒரு சேலைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை பிடித்திருந்தது. வானொலியில் மரண அறிவித்தல் வாசித்தார்கள். தகரக் கூரையின் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. இளைப்பாறிய சத்திரசிகிச்சை வைத்தியர் என்றார்கள். அம்பலவாணர் என்றார்கள். மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், மருமக்கள் பெயர் எல்லாம் வந்தன. கடைசியில், நோயாளர்களின் அன்புக்குப் பாத்திரமானவர் என்று ஒரு வரி வந்தது.

தம்பி அளவுகோலைக் கீழே வைத்தான். "ஏக்கா, இது உங்க கொடும புடிச்ச டாக்டருதானே?"

"ஆமா."

"அன்புக்குப் பாத்திரமானவராமே" என்று சிரித்தான்.

நானும் சிரித்துவிட்டேன். செத்த மனிதரைப் பற்றிச் சிரித்தது தப்பென்று தோன்றவில்லை. அந்த வரியைக் கேட்டிருந்தால் அவரே முகத்தைச் சுளித்து, "ஆரப்பா இந்தப் பொய்யை எழுதினது?" என்று கேட்டிருப்பார்.

எங்கள் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அங்கே அவரோடு வேலை செய்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்; அது எதுவென்று உங்களுக்குத் தெரியும். அவர் உங்கள் கையிலிருந்த தட்டைத் தட்டிவிட்டிருப்பார். உங்களை எல்லார் முன்னிலையிலும் கழுதை என்றிருப்பார். உங்களில் ஒருத்தி அவரால் இடமாற்றம் கேட்டு வலப்பனைக்குப் போனாள். அவர் எப்படி அப்படி ஆனார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. நான் அப்போது ஆப்பரேஷன் தியேட்டர் நர்ஸாக அவர் பக்கத்தில் நின்றவள். அதனால் சொல்கிறேன்.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்த புதிதில் அப்படி இல்லை. வேகமானவர், வேடிக்கைக்காரர். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து அதிக காலம் ஆகவில்லை. மலையில் வயிற்றை அறுத்து வைத்தியம் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. தோட்டங்களிலிருந்து லொறியில் போட்டுக் கொண்டுவரும் ஆட்களைக் கண்டிக்கு அனுப்பினால் பாதி வழியில் முடிந்துவிடும். அவர் வந்த பிறகு அந்தப் பயணம் தேவைப்படவில்லை. அவர் கை ஓடும் வேகத்தைப் பார்க்கப் பக்கத்து ஊர் டாக்டர்கள் வந்து நிற்பார்கள். எங்களுக்கெல்லாம் அதில் பெருமை.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அந்தக் காலத்து ரப்பர் கையுறைகளை நாங்கள் கழுவி, காயவைத்து, உள்ளும் புறமும் வெள்ளைப் பவுடர் தூவி, அவித்து வைப்போம். பவுடர் இல்லாவிட்டால் ரப்பர் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், கைக்குள் ஏறாது. முகத்துக்குப் போடுகிற பவுடருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒரு வகைக் கல்லை மாவாக அரைத்தது. அவர் கையுறையை மாட்டியதும் மேசைப் பக்கம் வந்து நின்று இரண்டு கையையும் ஒருதரம் தட்டுவார். பெரிய விளக்கின் வெளிச்சத்தில் வெள்ளைப் புகை எழும்பி மெல்ல இறங்கும். "தொடங்குவம்" என்பார். எடுபிடி ஆட்கள் அதைச் சாம்பிராணி என்பார்கள். அந்தத் தூள் எங்கே போய் இறங்குகிறது என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை.

மாரியாயி வந்தது அந்த நாட்களில்தான். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறவள். குடல்வால் வெடித்துச் சீழ் பரவிய நிலையில் அவள் புருஷன் காளிமுத்து தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், இரும்பு மாதிரி உடம்பு. ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது. அவள் பிழைத்தாள்.

பிழைத்தாள் என்றால் சும்மா பிழைக்கவில்லை. வார்டையே சிரிக்க வைத்தாள். அந்தக் காலத்தில் வயிற்றை அறுத்தால் வாரக்கணக்கில் படுக்கையிலேயே மல்லாக்கக் கிடத்துவோம், அசையவிட மாட்டோம். அப்படிக் கிடந்தபடியே அடுத்த கட்டில்காரிகளுக்குத் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவைப் போல நடித்துக் காட்டுவாள். டாக்டர் பார்வையிட வந்தபோது, "வயித்தத் தச்சீங்களே ஐயா, அப்புடியே வாயையும் சேத்துத் தச்சிருக்கக் கூடாதான்னு எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு" என்றாள். அவர் உரக்கச் சிரித்தார். அவர் வார்டில் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களோடு சரி.

வீட்டுக்குப் போகும்போது கொஞ்ச காலம் கூடை தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். தோட்டத்தில் அது நடக்குமா? வேலைக்குப் போகாவிட்டால் பதிவில் பேர் இல்லை; பேர் இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. சீக்கிரமே அவள் மலையில் நின்றாள் என்று பிறகு தெரிந்தது.

மாதங்கள் கழிந்து அவளுக்கு வயிற்றில் வலி தொடங்கியது. சுருட்டிப் பிடிக்கும், விடும், மறுபடி சுருட்டும். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. வெளிக்கும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. தோட்டத்து மருந்துக் காம்பராக்காரர் மலச்சிக்கல் என்று பேதி உப்புக் கொடுத்தார். கேட்கவில்லை, விளக்கெண்ணெய் கொடுத்தார். முறுக்கிக்கொண்ட குடலுக்குப் பேதி மருந்து கொடுப்பது, அடைத்த குழாயைப் பின்னாலிருந்து இடிப்பது போல. அவள் கத்தினாள். கங்காணி அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் நின்று, "ஆஸ்பத்திரிச் சொகம் கண்டவ, மறுபடி போயிப் படுக்க நடிக்கிறா" என்றானாம். தோட்டத்து லொறி ஆள் ஏற்றக் கிடைக்கவில்லை. அன்று அதில் தேயிலைப் பெட்டி போனது. பெட்டி இறங்கித் திரும்பிய பிறகுதான் மாரியாயி ஏறினாள்.

அவளைக் கண்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் சிறுத்து, கண் உள்ளே போய், வயிறு மட்டும் ஊதியிருந்தது. தோலுக்கு அடியில் குடல் வளைந்து நெளிவது கண்ணுக்குத் தெரிந்தது. டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டு உடனே தியேட்டருக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

மேசையில் கிடத்தி, மயங்க ஈதர் கொடுக்க முகமூடியை எடுத்தபோது அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். டாக்டரைத் தேடினாள்.

"ஐயா, போன தடவ கையத் தட்டினீங்களே. அத மாதிரி தட்டிட்டுத் தொடங்குங்க. அது எனக்கு ராசி."

அவர் அவள் பார்க்கும்படி பக்கத்தில் வந்து நின்று, இரண்டு கையையும் நன்றாகத் தட்டினார். வெள்ளைத் தூள் அவள் மேல் இறங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் வயிற்றைத் திறந்தோம்.

உள்ளே இருந்ததைச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. நல்ல வயிற்றுக்குள் குடல் நீரில் மீன் போல வழுக்கி ஓடும். ஒன்றின் மேல் ஒன்று உரசும், ஆனால் பற்றாது. ஆப்பரேஷனுக்குப் பிறகு சில வயிறுகளில் உள்ளே தழும்பு வளரும். குடலைக் குடலோடும், குடலை வயிற்றுச் சுவரோடும் நார் போலப் பிடித்து ஒட்டும். மாரியாயியின் குடல் முழுவதும் அப்படி ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தது. ஒரு நார் இறுகி ஒரு வளைவைச் சுருக்குப் போட்டிருந்தது; அந்த வளைவு கறுத்துப் போயிருந்தது. அங்குமிங்கும் வெண்மையான சிறு முடிச்சுகள், ரவை தூவினது போல. அவர் பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது. தைத்த இடத்துக்குப் பக்கத்தில் கிழிந்தது. வயிற்றை மூடுவதற்கு முன் அந்த முடிச்சுகளில் ஒன்றை வெட்டிப் போத்தலில் போட்டுக்கொண்டார்.

மாரியாயி மறுநாள் செத்துப்போனாள். நினைவு இருக்கும்வரை தண்ணீர் கேட்டாள். கொடுக்கக் கூடாது என்பது கட்டளை. உதட்டை நனைக்க ஈரப் பஞ்சை வைத்தேன். அவள் பஞ்சைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதை நான் அவள் வாயிலிருந்து இழுக்க வேண்டியிருந்தது.

டாக்டர் போத்தலோடு ரயிலேறிக் கொழும்புக்குப் போனார். அங்கே அவரோடு படித்தவர் ஒருவர் நுண்ணோக்கியில் தசை பார்க்கிறவர். திரும்பி வந்ததும் எங்களை எல்லாரையும் தியேட்டருக்குள் கூப்பிட்டார். கையில் பவுடர் டப்பா இருந்தது.

"அந்த முடிச்சுக்குள்ளை என்ன இருந்தது தெரியுமோ? இதுதான். ஒருவித வெளிச்சத்திலை பார்த்தால் பளிங்கு மாதிரி மினுங்குது. இது கல்லு. உடம்பு இதைக் கரைக்காது. சுத்திச் சுத்தித் தழும்பு கட்டும்."

உதவி டாக்டர் ஆறுதலாகச் சொல்லப் பார்த்தார். சீழ் பரவின வயிறு எப்படியும் ஒட்டத்தானே செய்யும், எல்லா ஆஸ்பத்திரியிலும் இதே பவுடர்தானே என்றார். அது பொய்யுமில்லை.

"சீழுக்குள்ளை பளிங்கு இருக்குமோ?" என்று கேட்டார் அம்பலவாணர். "அவள் கத்தியாலை சாகேல்லை. என்ரை கையிலை இருந்த பவுடராலை செத்தவள். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக்கொண்டு செத்தவள்."

டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்தார். அதற்குப் பிறகு அவர் கை தட்டியதில்லை.

மேலதிகாரி அவரைத் தனியே அழைத்து, இதை வெளியில் பேசவேண்டாம் என்றார். செத்தவளின் வீட்டார் கேட்கவில்லை, கேட்காதவர்களிடம் சொல்லிப் பயனென்ன என்றார். அது நல்ல புத்திமதி என்று அன்று நானும் நினைத்தேன். டாக்டர் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். "அந்த ஆளுக்கு நான் கதைக்கிறது விளங்காட்டி நீர் சொல்லும்" என்றார். விளங்காமல் போக ஒன்றுமில்லை. தனியாகப் போகப் பயந்தார்.

காளிமுத்து லயத்துக் காம்பராவின் வாசலில் குந்தி, கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் பதறி எழுந்து, மேல்துண்டால் பலகையைத் துடைத்து உட்காரச் சொன்னான். தேத்தண்ணி வைக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தான். வீட்டுக்குள் பதில் சொல்ல ஆள் இல்லை என்பது அப்புறம்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

டாக்டர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பவுடர், தழும்பு, குடல் ஒட்டியது, தான் கையைத் தட்டியது. மறைக்கவுமில்லை, குழைத்துச் சொல்லவுமில்லை. காளிமுத்து முழுவதையும் கேட்டான். கத்தி மடியில் இருந்தது.

"இத எதுக்குங்க ஐயா எங்கிட்ட வந்து சொல்றீங்க?"

"உனக்குத் தெரியவேணும்."

"தெரிஞ்சு?"

காளிமுத்து கத்தி முனையைத் துண்டால் துடைத்தான்.

"சாமி எடுத்துக்கிச்சுன்னு நெனச்சு அழுது முடிச்சேங்க. கருமாதியும் முடிச்சாச்சு. மலைக்குப் போறேன், வாறேன், படுத்தாத் தூக்கம் வருது. இப்ப மறுபடி மொதல்லேருந்து அழச் சொல்றீங்க. இனிமே சாமியத் திட்டவா, உங்களத் திட்டவா?"

"என்னைத் திட்டு."

"திட்டினா உங்களுக்குப் பாரம் எறங்கிரும். எனக்கு?" காளிமுத்து கத்தியைத் தூக்கிக் காட்டினான். அதில் மிரட்டல் இல்லை. "நானும் கத்தி புடிக்கிறவன்தாங்க. ஒரு செடியத் தப்பா வெட்டினா கண்டாக்கையா அன்னைக்கு எம் பேர வெட்டிருவாரு. உங்க பேர யாரு வெட்டுறது?"

நாங்கள் திரும்பி நடந்தோம். பஸ் ஏறும் இடம்வரை தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை. அன்று அவர் செய்தது நேர்மையா கொடுமையா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு மனிதனின் தூக்கத்தைக் கெடுத்துத் தன் தூக்கத்தை வாங்கப் போனார் என்று சில நாள் தோன்றும். வேறு எவரும் அந்த ஒற்றையடிப் பாதையில் ஏறியிருக்க மாட்டார்கள் என்று சில நாள் தோன்றும். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

அதன் பிறகு வந்தவர்தான் நீங்கள் அறிந்த அம்பலவாணர்.

கையுறையைப் போட்டதும் சூடான உப்புத் தண்ணீரில் கையைத் தோய்த்துத் தோய்த்துக் கழுவினார். தண்ணீரை மாற்றி மறுபடி கழுவினார். பிறகு, அவித்த கறுப்புத் துணியொன்றில் விரல்களை அழுத்தினார். துணியில் வெள்ளை தெரிந்தால் திரும்பவும் தொட்டிக்கு. அந்தக் கறுப்புத் துணி தம்பி கடையில் கிழித்தது. அவர் மட்டுமல்ல; கத்தி எடுத்துக் கொடுப்பவர், நூல் வெட்டுபவர், எல்லாரும் துணியில் கை அழுத்த வேண்டும். மேசையில் நோயாளி மயங்கிக் கிடக்க நாங்கள் வரிசையில் நின்று கை காட்டினோம். ஒருநாள் என் விரல் துணியில் லேசாக வெள்ளை பதித்தது. இடுக்கியால் என் விரல் முட்டியில் அடித்தார். இரத்தம் கையுறைக்குள் நிறைந்தது. "நொந்ததோ? மாரியாயிக்கு இதை விட நொந்தது" என்றார். அந்தப் பெயரைத் தெரியாத புது நர்ஸ்கள் அவருக்குப் பைத்தியம் என்று பேசிக்கொண்டார்கள்.

வேகத்தை விட்டுவிட்டார். முன்பு அவர் கையை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இப்போது மணிக்கூட்டைப் பார்த்து நெளிந்தார்கள். குடலைத் தொடுவதென்றால் ஈரத் துணியால் மட்டும்; காய்ந்த துணியால் துடைத்தால் தட்டு பறக்கும். வெளியே எடுத்த குடலை வெதுவெதுப்பான ஈரத்தில் மூடி வைப்போம். கசியும் இரத்தத்தை ஒவ்வொரு பொட்டாக நிறுத்தாமல் வயிற்றை மூட விடமாட்டார். "குடல் காயக் கூடாது, கசங்கக் கூடாது, அழுக்காகக் கூடாது. காய்ஞ்சால் ஒட்டும், கசங்கினால் ஒட்டும், அழுக்குப் பட்டால் ஒட்டும்" என்று தைக்கும்போது முணுமுணுப்பார். சிலர் அதை மந்திரம் என்று கேலி செய்தார்கள். சாப்பாட்டு அறையில் முட்டை பொரிக்கும்போதுகூட ஒருத்தி, "காய்ஞ்சால் ஒட்டும்" என்பாள். அவர் காதில் விழுந்தது. அவளை ஒரு மாதம் தியேட்டருக்குள் விடவில்லை.

வார்டில்தான் அவரைப் பேய் என்றார்கள். அறுத்த மறுநாள் காலையிலேயே நோயாளி எழுந்து நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். வெளிநாடுகளில் அப்படிச் செய்யத் தொடங்கிவிட்டார்கள், படுத்தே கிடந்தால் குடல் சோம்பி ஒட்டிக்கொள்ளும், நடந்தால் குடலும் நடக்கும் என்று நம்பினார். எவ்வளவு தூரம் அது உண்மை என்று எனக்குத் தெரியாது. வலி எவ்வளவு உண்மை என்று தெரியும். கொழுந்து மலையில் அட்டை கடித்துப் பழகிய பெண்கள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "வேணாங்கய்யா, கும்புடுறேங்கய்யா" என்று கதறுவார்கள். "எழும்பு. நட" என்பார். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் விளக்கம் கிடையாது. அவர் வருவது தெரிந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு செத்த மாதிரி கிடப்பார்கள். ஒருத்தி அவர் முகத்தில் துப்பினாள். துடைத்துக்கொண்டு அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

ஒரு கிழவருக்கு அப்படி நடக்கும்போது தையல் விட்டுப்போயிற்று. காயம் பிரிந்து, அவர் தன் குடலைத் தன் கையால் தாங்கிக்கொண்டு வார்டு நடுவில் நின்றார். மேட்ரன் அழுதுகொண்டே டாக்டரிடம், இனியாவது இதை நிறுத்துங்கள் என்றார்.

"காயம் பிரிஞ்சால் நான் திருப்பித் தைப்பன்" என்றார் அவர். "குடல் ஒட்டினால் ஆர் பிரிக்கிறது?"

கிழவரைத் திரும்பத் தைத்தார். மறுநாள் திரும்ப நடக்க வைத்தார். கிழவர் பிழைத்தார். ஆனால் அந்த வார்டில் அவர் நின்ற நிலையைப் பார்த்தவர்கள் டாக்டரை மன்னிக்கவில்லை. நானும் அந்த விஷயத்தில் மன்னிக்கவில்லை.

சில வருஷங்கள் போயின. ஒருநாள் திம்புள்ளப் பக்கத்து லொறியிலிருந்து ஓர் ஆளை இறக்கினார்கள். வயிற்றுப்புண் ஓட்டையாகி, வயிறு பலகை போல இறுகியிருந்தது. காளிமுத்து. இந்த முறை தோளில் தூக்க யாருமில்லை. கோணிச் சாக்கில் படுக்க வைத்து நாலு பேர் பிடித்து வந்தார்கள்.

டாக்டரைப் பார்த்ததும், "இவரு வேணாம்" என்றான். வேறு யாருமில்லை என்றேன். கண்டிக்குப் போனால் போய்ச்சேர மாட்டாய் என்றும் சொன்னேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தான். மேசைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கையுறை மாட்டி, தொட்டியில் கழுவி, கறுப்புத் துணியில் அழுத்திவிட்டு வந்தார்.

"கழுவிட்டீங்களா?" என்று கேட்டான் காளிமுத்து.

"கழுவிட்டன். இந்தா பார்." ஈரம் சொட்டும் இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இன்னொருக்கா கழுவுங்க."

உதவி டாக்டர் முகமூடியைக் கையிலெடுத்து, நேரம் போகிறது என்றார். ஓட்டையான வயிற்றில் நேரம் போவது என்னவென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அம்பலவாணர் தொட்டிக்குப் போனார். கழுவினார். வந்தார்.

"இன்னொருக்கா."

மறுபடி போனார். காளிமுத்துவின் நெற்றியில் வியர்வை கோத்து வழிந்தது. வலியில் உதட்டைக் கடித்து இரத்தம் வந்தது. ஆனாலும் அவர் கழுவுவதைத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு கொஞ்ச நேரத்துக்கு அந்தத் தியேட்டரில் அவன்தான் துரை. பிறகு தலையைக் கீழே போட்டான். "சரி. வெட்டுங்க" என்றான்.

அன்று அவர் தைத்த மாதிரி ஒருவரும் தைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் முதல்முறையாக, நூலை இரண்டு தடவை தவறவிட்டார்.

மறுநாள் காலை வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இவனையாவது விட்டுவிடுவார் என்று நான் நினைத்தேன். நேரே காளிமுத்துவின் கட்டிலுக்கு வந்தார்.

"எழும்பு. நட."

காளிமுத்து வாயைத் திறந்தான். நான் கேட்ட வசவுகளில் பாதியை எழுத முடியாது. டாக்டரின் தாயை, தகப்பனை, பெண்டாட்டியை, பிறந்த ஊரை, பிடித்த கத்தியை, எல்லாவற்றையும் இழுத்தான். லயத்து வாசலில் திட்டாமல் வைத்திருந்ததெல்லாம் வந்தது. "கொலகாரப் பயலே, பொண்டாட்டியக் கொன்னே, இப்ப என்னையும் நடக்க வச்சுக் கொல்லப் பாக்குறியா" என்று கத்தினான். தையல் வலியில் ஒவ்வொரு சொல்லும் முனகலாக வந்தது. மற்ற நோயாளிகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

டாக்டர் அவன் இடுப்பைச் சுற்றிக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

"ஏசு. நல்லா ஏசு. ஏசிக்கொண்டே நட."

அவன் ஏசிக்கொண்டே நடந்தான். வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, அவர் தோளில் தொங்கியபடி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு வசவு. அவர் குனிந்த தலையோடு அதை வாங்கிக்கொண்டு நடந்தார். அவன் வீடு போகும் நாள்வரை காலைதோறும் இது நடந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. போகும் நாளில் காளிமுத்து அவரைக் கும்பிடவில்லை. என்னிடம் மட்டும், "வாறேன் மிஸ்ஸி" என்றான்.

அவன் வயிறு ஒட்டவில்லை. அப்படி ஒட்டாமல் போனவர்கள் இந்த மலையில் எத்தனையோ பேர். அவர்களுக்கு என்ன வராமல் போயிற்று என்று அவர்களுக்கே தெரியாது. வராத நோய்க்கு யார் நன்றி சொல்வார்கள்? அவர்கள் நினைவில் இருப்பது மறுநாள் காலை தூக்கி நிறுத்திய பேய் ஒன்றுதான். அவர் யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகிப் போனபோது பிரியாவிடைக்கு ஆறேழு பேர்தான் வந்தோம். மாலை போட ஆள் தேடி, கடைசியில் எடுபிடி ஆளைப் போடச் சொன்னோம்.

போவதற்கு முன் மருந்து வாங்க வந்த வரிசையில் அவர் காளிமுத்துவைக் கண்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். "வயிறு எப்பிடி?" என்று கேட்டார்.

"வயிறு நல்லாருக்குங்க" என்றான் காளிமுத்து. "மத்ததெல்லாம் அப்புடியேதான்."

அவர் தலையசைத்துவிட்டு நடந்தார். அவர்கள் இருவரும் கடைசியாகப் பேசியது அது.

வானொலியில் செய்தி கேட்ட வாரமே நான் பஸ்ஸேறித் தோட்டத்துக்குப் போனேன். யாரிடமாவது சொல்லவேண்டும், இந்த மலையில் அவரைத் தினமும் நினைக்கிற ஆள் என்னைத் தவிர ஒருவன்தான் என்று தோன்றியது. காளிமுத்துவுக்குத் தலை நரைத்துவிட்டது. கவ்வாத்து வேலையை விட்டுத் தோட்டத்துக் காவலுக்குப் போகிறான். விஷயத்தைச் சொன்னேன்.

"எப்புடிச் செத்தாரு?"

"தூக்கத்துலயாம். நெஞ்சு அடைச்சு."

"வலி இல்லாமலா?"

"இல்லாமத்தான்."

கொழுந்து நிறுக்கப் போகும் பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"அன்னைக்கு வந்து சொல்லாம இருந்திருந்தா, நல்ல மனுசன்னு இப்ப கும்புட்டிருப்பேன் மிஸ்ஸி. சொல்லிப்புட்டாரு. கும்புடவும் முடியல, மறக்கவும் முடியல." எழுந்து துண்டை உதறினான். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டு வந்தேன்.

அவரைத் தெரிந்தவர்களே, அவர் நல்லவர் என்று நான் எழுதப் போவதில்லை. என் விரல் முட்டியில் அவர் அடித்த வடு இன்னும் இருக்கிறது. குளிருக்கு அது வலிக்கும். அவரிடமிருந்து எனக்குப் பாசம் எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒரு பயம். நல்ல மனதோடு நீட்டுகிற கையிலும் ஒரு தூள் இருக்கலாம், அது எனக்குத் தெரியாமலே ஒருத்திக்குள் இறங்கலாம் என்ற பயம். அது என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. நான் இன்னும் வேலை பார்க்கும் தியேட்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் நேற்று என்னால் அழுதாள். தோழியிடம் என்னைக் கொடுமைக்காரி என்றாளாம். நாளை அவளையும் நான் மறுபடி கையுறையைக் கழுவ வைப்பேன்.